கண்ணில் பூ விழாமல் காத்துக்கொள்வது எப்படி?

தை மாதம் பிறந்துவிட்டால் கொங்குச் சீமையில் களத்துக்கு ஓய்வு கிடையாது. கோபி, பவானிப் பக்கம் நெல்லடிப்பு; பல்லடம், உடுமலைப் பக்கம் சோளமும் மக்காச்சோளமும்; இடையில் கரும்பு வெட்டு. கதிரடிக்கும்போதும் முறத்தில் தூற்றும்போதும் சுணை பறக்கிறது. கரும்பு வெட்டும்போது சோகை முகத்தில் அடிக்கிறது. கிளுவை வேலியைக் கழிக்கும்போது முள் கண்ணில் இழுத்துவிடுகிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், "ஒண்ணுமில்ல கண்ணு, நந்தியாவட்டைப் பூவைப் பிழிஞ்சு ரெண்டு சொட்டு விடு, விடியறதுக்குள்ள செரியாப் போயிரும்" என்று அம்மாயி சொல்வார். இன்னொரு வீட்டில் தாய்ப்பால் விடச் சொல்வார்கள். வேறொரு வீட்டில் விளக்கெண்ணெய்.

இந்தக் கைவைத்தியம் சரிதானா என்று உழவர்கள் கேட்பதுண்டு. முழுவதும் சரி என்றும் சொல்ல முடியாது. முழுவதும் தவறு என்றும் சொல்ல முடியாது. கண்ணுக்கு வந்திருப்பது எந்த நோய் என்பதைப் பொறுத்தே விடை அமையும். அதைப் பிரித்தறியத் தெரிந்துகொண்டால் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு நோய்கள், இரண்டு வழிகள்

முதலாவது, சாதாரணக் கண்வலி. விழியின் வெள்ளைப் பகுதியையும் இமையின் உட்புறத்தையும் மூடியுள்ள மெல்லிய சவ்வில் வரும் அழற்சி இது. கண் சிவக்கும், உறுத்தும், நீர் வடியும், காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும், ஒருவரிடம் தொடங்கி வீட்டில் எல்லோருக்கும் பரவும். ஆனால் பீளையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். நாம் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்வது இந்த வகைதான். 1918-ல் சென்னையில் இனங்காணப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. இதற்குப் பெரும்பாலும் காரணம் அடினோ வைரஸ் என்னும் நுண்கிருமி.

இரண்டாவது, கருவிழிப் புண். கருவிழியின் முன்னே கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல ஒரு தெளிந்த படலம் இருக்கிறது. நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதில் இரத்தக் குழாய் கிடையாது. எனவே கிருமி உள்ளே புகுந்தால் எதிர்த்து நிற்கும் வசதி அங்கே குறைவு. சுணையோ சோகையோ கீறிய இடத்தில் கிருமி புகுந்து புண் வைத்துவிட்டால், ஆறிய பின்னும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். இதைத்தான் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்கிறோம். பூ நடுவிழியில் விழுந்தால் அந்தக் கண்ணுக்குப் பார்வை போயிற்று என்றே பொருள்.

முதல் நோய் தானாக ஆறக் கூடியது. இரண்டாவது நோயில் ஒவ்வொரு நாளும் கணக்கு.

கைவைத்தியம் பலித்ததாகத் தோன்றுவது ஏன்?

புதிய உரம் ஒன்றைச் சோதிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒரு பாத்திக்கு உரம் போட்டு, பக்கத்துப் பாத்தியை உரம் போடாமல் விடுகிறோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விளைச்சல் உரத்தால் வந்ததா, மழையால் வந்ததா என்பது தெரியும். மருந்துக்கும் இதே விதிதான்.

வைரஸால் வரும் கண்வலி பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தானே அடங்கிவிடும். மூன்றாம் நாள் நந்தியாவட்டையை வைத்தவருக்கும் குணமாகும். தாய்ப்பால் விட்டவருக்கும் குணமாகும். ஒன்றும் செய்யாமல் இருந்தவருக்கும் குணமாகும். குணமானவர் தாம் கடைசியாகச் செய்த வைத்தியத்தையே நினைவில் வைத்துக்கொள்வார். ஊரில் பேர் பெற்ற கண் மருந்துகள் பலவும் இவ்விதமே பேர் பெற்றன. அதே நம்பிக்கையில் கருவிழிப் புண்ணுக்கும் அதே சாற்றை விடும்போதுதான் ஆபத்து நேருகிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

நம் மூலிகைகளை விஞ்ஞானிகள் ஒதுக்கிவிடவில்லை. சிலவற்றைச் சோதித்தும் இருக்கிறார்கள்.

மரமஞ்சள்: இதில் பெர்பெரின் என்னும் மஞ்சள் நிறச் சத்து உள்ளது. ஆயுர்வேதத்தில் கண்ணுக்குச் சொல்லப்படும் ரசாஞ்சனமும் பெர்பெரின் உள்ள செடியிலிருந்தே செய்யப்படுகிறது. டிரக்கோமா என்னும் கண் நோய் கண்டவர்களுக்குப் பெர்பெரினைத் தனியே பிரித்தெடுத்துச் சொட்டு மருந்தாக்கிக் கொடுத்த ஆய்வுகள் நம் நாட்டில் 1982-ல் வெளியாயின. பலன் இருப்பதாகவே அவை காட்டின. ஆனால் அங்கே கண்ணில் விடப்பட்டது அளந்து, கிருமி நீக்கித் தயாரித்த மருந்து. கட்டையை உரைத்து எடுத்த குழம்பு அதுவாகாது.

தாய்ப்பால்: இதில் கிருமியை எதிர்க்கும் புரதங்கள் உண்டு. பிறந்த குழந்தையின் கண்ணில் பீளை கட்டாதிருக்கச் சீம்பால் உதவுகிறது என்று டில்லி மருத்துவர்கள் 1982-ல் எழுதினார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் கண் பீளைக்குத் தாய்ப்பால், அழற்சியைத் தணிக்கும் ஒரு சொட்டு மருந்துக்குக் குறைந்ததாக இல்லை என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று 2021-ல் தெரிவித்தது. இவை கைக்குழந்தையின் சாதாரணப் பீளையைப் பற்றியவை. வயலில் கண்ணைக் கிழித்துக்கொண்டு வந்த ஆளுக்கு இவை பொருந்தா. பிறந்த ஒரு மாதத்துக்குள் குழந்தையின் இமை வீங்கிச் சீழ் கொட்டினால் அன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.

விளக்கெண்ணெய்: இமையின் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக் கண் உலர்ந்து போனவர்களுக்கு, மிகக் குறைந்த அளவில் விளக்கெண்ணெய் கலந்த சொட்டு மருந்து உதவுவதாக ஜப்பானில் 2002-ல் கண்டார்கள். உலர்ந்த கண்ணுக்கு இது ஆறுதல் தரலாம், கிருமியைக் கொல்லாது. செக்கிலிருந்து வந்து விளக்கு மாடத்தில் இருக்கும் எண்ணெயில் தூசியும் கிருமியும் இருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

நந்தியாவட்டை: பூவைக் குளிர்ந்த நீரில் நனைத்து, மூடிய இமையின் மேல் வைத்துக்கொள்வதால் எரிச்சல் தணியும். குளிர்ச்சி தரும் சுகம் அது, கெடுதல் இல்லை. ஆனால் செடியின் பால் படக்கூடாது. பூவைக் கசக்கிச் சாற்றைக் கண்ணுக்குள் பிழிவது வேண்டாம்.

மஞ்சள்: கண்வலிக்கு மஞ்சள் நனைத்த துணியால் துடைக்கும் வழக்கம் உண்டு. மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எனவே துணியில் இறங்குவது பெரும்பாலும் நிறம்தான். துணி சுத்தமாக இருந்து, அவரவருக்குத் தனித்தனித் துணி என்று வைத்துக்கொண்டால் நோய் பரவாது. அந்த அளவில் நல்ல வழக்கமே.

எருக்கும் ஊமத்தையும்: இவை கண் அருகிலேயே வரக்கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் முதலில் வலி அதிகம் தெரியாமலே கருவிழிப் படலம் வீங்கிப் பார்வை மங்கும். ஊமத்தைச் சாறு பட்டால் கண்ணின் பாவை விரிந்து, பார்வை சில நாட்கள் கலங்கி நிற்கும். ஊமத்தையில் உள்ள அட்ரோபின் என்னும் அதே சத்தைத்தான் கண் மருத்துவர்கள் அளந்து சொட்டு மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். செடியில் மருந்து இருப்பது உண்மை. செடியே மருந்தாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

சோதனைக் குழாயில் கிடைக்கும் வெற்றியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கண் புண்ணிலிருந்து எடுத்த பூசணங்களைப் பலவகை வாசனை எண்ணெய்களோடு வைத்து ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். லவங்கப்பட்டை எண்ணெய் பூசணத்தை நன்றாக அடக்கியது. ஆனால் அந்த எண்ணெயைக் கண்ணில் விட்டால் பூசணத்துக்கு முன் கண்ணே புண்ணாகிவிடும்.

வாடல் நோய்ப் பூசணம் கண்ணுக்கும் வரும்

கருவிழிப் புண் உழவர்களின் நோய் என்றே சொல்லலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் முடிய, அதாவது அறுவடைக் காலத்தில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 56.7 சதவீதம் பேர் விவசாய வேலை செய்பவர்கள். 284 பேருக்கு அதற்கு முன் கண்ணில் ஏதோ பட்டுக் காயம் ஏற்பட்டிருந்தது. கிருமி இன்னதென்று தெரிந்த 297 பேரில் 140 பேருக்குப் பாக்டீரியா. 139 பேருக்குப் பூசணம். ஏறத்தாழச் சரிபாதி!

அந்தப் பூசணங்களின் பெயரைக் கேட்டால் உழவர்களுக்கு வியப்பாக இருக்கும். முதலிடம் பியூசேரியம். வாழையிலும் பருத்தியிலும் வாடல் நோய் உண்டாக்குகிறதே, அதே குடும்பம். இரண்டாமிடம் அஸ்பெர்ஜில்லஸ். சரியாகக் காயாத நிலக்கடலையில் பச்சையாகப் படர்ந்து அபிளாடாக்சின் நஞ்சைச் சேர்க்கும் பூசணத்தின் இனம். மண்ணிலும், சருகிலும், உமியிலும் இவை எப்போதும் இருக்கின்றன. தோலில் பட்டால் ஒன்றும் செய்வதில்லை. கருவிழியில் கீறல் விழுந்தால் அந்த வழியாக உள்ளே புகுந்துவிடுகின்றன. கோவை அரவிந்த் மருத்துவமனை நோயாளிகளிடமிருந்து எடுத்த பியூசேரியங்களை ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே இது நம் ஊர் மண்ணிலும் உள்ள சங்கதிதான்.

இப்போது இலைச்சாற்றை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் பறித்த இலை. கிணற்றடியில் ஒரு கழுவல். உள்ளங்கையில் கசக்கிப் பழைய துணியில் பிழிவது. இலையின் மேலிருக்கும் பூசண வித்துக்கள் இதனால் போய்விடுவதில்லை. கீறல் விழுந்த கண்ணில் அந்தச் சாற்றை விடுவது, உழுத நிலத்தில் விதை தெளிப்பதற்கு ஒப்பானது. கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியாவில் 1994-ல் வெளியான ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் முதலில் நாட்டு மருந்து விட்டிருந்தது தெரிந்தது.

சாற்றால் வரும் கெடுதல் ஒருபுறம். அதை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்கள் இன்னொரு புறம். பூசணப் புண் மெதுவாகவே வளரும். முதல் சில நாட்கள் உறுத்தல் மட்டும் இருக்கும். 'சாறு வேலை செய்கிறது' என்று நினைத்து ஒரு வாரம் போக்கிவிட்டு வரும்போது, புண் ஆழத்தில் இறங்கியிருக்கும்.

நேரத்தின் மதிப்பு

நேபாளத்தில் பக்தபூர் வட்டாரத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளியாயிற்று. கருவிழியில் கீறல் ஏற்பட்ட 442 பேருக்குக் கிராமத் தொண்டர்களே கிருமிக்கொல்லிக் களிம்பை நாளுக்கு மூன்று வேளையாக மூன்று நாள் போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வைக்கவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்குப் புண் வைத்தது. ஒரு நாள் கழித்து வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண்!

இதே ஏற்பாட்டைப் பல ஊர்களில் விரிவாக நடத்திய பின்னாளைய நேபாள ஆய்வில், ஊர் முழுவதுக்குமான புண் எண்ணிக்கை திட்டவட்டமாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. களிம்பு ஒன்றே எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஆனால் கண்ணில் கீறல் விழுந்தவர் தாமதிக்கக் கூடாது என்ற பாடம் மாறவில்லை.

புண் வந்துவிட்டால் மருத்துவர் அதைச் சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். பூசணமா பாக்டீரியாவா என்பது தெரிய வேண்டும். பூச்சிக்கு அடிக்கும் மருந்து இலைப்புள்ளி நோய்க்குக் கேட்குமா? அதுபோலவே பாக்டீரியாவுக்கான மருந்து பூசணத்தைக் கொல்லாது. பூசணப் புண்ணுக்கு முதன்மையான மருந்து நாட்டாமைசின். கோவை உள்ளிட்ட அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், விலை கூடிய புது மருந்தான வோரிகோனசோலைவிட இதுவே மேலானது என்று தெரிந்தது. இந்த நாட்டாமைசின் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1955-ல் தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதி மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து. மண்ணிலிருந்து வந்த நோய்க்கு மருந்தும் மண்ணிலிருந்தே கிடைத்திருக்கிறது.

கண்ணில் பட்டவுடன் செய்ய வேண்டியவை

1. கண்ணைக் கசக்காதீர்கள். கசக்கினால் சிறு சுணை பெருங்கீறலாகும்.

2. காய்ச்சி ஆறிய சுத்தமான தண்ணீரைத் தாராளமாக விட்டுக் கழுவுங்கள். களத்துக்குப் போகும்போதே ஒரு பாட்டிலில் எடுத்துச் செல்வது நல்லது. வாய்க்கால் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் வேண்டாம். அவற்றில் கண்ணைக் கெடுக்கும் அமீபாவும் இருக்கலாம்.

3. நாக்கால் எடுப்பது, துணி முனையால் எடுப்பது, தலைமயிரை விட்டு இழுப்பது ஆகியவற்றை அறவே கைவிட வேண்டும்.

4. முள்ளோ சிம்போ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கழுவவும் வேண்டாம். கண்ணை அழுத்தாமல் மறைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

5. சுண்ணாம்பு, பூச்சிமருந்து, எருக்கம்பால் பட்டால் அந்த இடத்திலேயே இருபது நிமிடம் விடாமல் கழுவிய பிறகுதான் புறப்பட வேண்டும். இதற்கு மட்டும், நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் கிடைத்த தண்ணீரில் கழுவலாம்.

6. கழுவிய பின்னும் உறுத்தல், வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள கண் மருத்துவமனைக்கோ சென்றுவிட வேண்டும். என்ன பட்டது, எப்போது பட்டது, வீட்டில் என்ன விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வருமுன் காப்பது இதைவிட எளிது. கதிரடிக்கும் இயந்திரத்தருகே நிற்பவரும், தூற்றுபவரும், சோகை உரிப்பவரும் பக்கம் மூடிய சாதாரணக் கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று தூற்ற வேண்டும். குழந்தைகளைக் களத்தில் விளையாட விடலாகாது.

கேள்வியும் விடையும்

கேள்வி: மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டால் ஆகாதா?
விடை: ஆகாது. கடைகளில் கொடுக்கும் சில மருந்துகளில் டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பு உடனே குறையும். உள்ளே பூசணம் தடையின்றி வளரும். கீறல் விழுந்த கண்ணில் இது இலைச்சாற்றைவிடக் கெடுதல் செய்யலாம்.

கேள்வி: பொன்னாங்கண்ணி, முருங்கைக் கீரையெல்லாம் கண்ணுக்கு நல்லது என்பது பொய்யா?
விடை: மெய்தான். ஆனால் அவற்றின் இடம் கண்ணில் அல்ல, சோற்றுத் தட்டில். இந்தக் கீரைகளில் உள்ள சத்து உடலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறும். அது குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வரும். முற்றினால் கருவிழியே கரைந்துபோகும். சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் சத்து நன்றாகச் சேரும். குழந்தைகளுக்கு அரசு கொடுக்கும் வைட்டமின் 'ஏ' திரவத்தையும் தவறாமல் கொடுங்கள்.

கேள்வி: மாட்டின் கண்ணில் வெள்ளை படர்ந்தால் உப்பும் புகையிலையும் மென்று துப்பலாமா?
விடை: வேண்டாம். மொராக்செல்லா என்னும் பாக்டீரியாவாலோ, கண்ணுக்குள் நெளியும் புழுவாலோ அது வந்திருக்கலாம். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. நீர் வடியத் தொடங்கியதுமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: விழுந்த பூ மருந்தில் கரையுமா?
விடை: ஆழமான தழும்பு சாற்றாலோ களிம்பாலோ கரையாது. இறந்தவர் ஒருவரின் கருவிழிப் படலத்தை எடுத்துப் பொருத்தினால் பார்வை கிடைக்கக் கூடும். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். ஆகவே ஊரில் ஒரு சாவு நேர்ந்தால் கண் வங்கிக்குச் சொல்லி அனுப்புவது, முன்பின் தெரியாத ஒருவருக்குச் செய்யும் பேருதவி.

அம்மாயி சொன்ன நந்தியாவட்டைப் பூவை வேண்டாம் என்று தூக்கி எறிய வேண்டியதில்லை. கண்வலி வந்த நாளில் நனைத்து, மூடிய இமைமேல் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் சுணையோ, சோகையோ, முள்ளோ கீறிய கண்ணில் செடியிலிருந்து எடுத்த எதையும் விடக்கூடாது. சுத்தமான தண்ணீர், அதன் பின் மருத்துவர், அதுவும் அன்றைக்கே. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவதுதான் பல கண்களைக் கெடுத்திருக்கிறது.